வெயிலில் வெளுக்கும் சிலிக்கோன் மூக்கு: செயற்கை முக உறுப்புகள் விரைவில் கெடுவது ஏன்?

புற்றுநோய், விபத்து, பூஞ்சைத் தொற்று போன்றவற்றால் மூக்கையோ காதையோ கண்ணையோ இழந்தவர்களுக்குப் பொருத்தப்படும் சிலிக்கோன் செயற்கை உறுப்புகள், பெரும்பாலும் ஓராண்டு முதல் ஈராண்டுக்குள் நிறம் மாறியோ விளிம்பு கிழிந்தோ பயனற்றுப் போகின்றன. சில, ஆறு மாதங்கள்கூடத் தாங்குவதில்லை. இந்த ஆயுளை நீட்டிக்கும் முயற்சியில் உலகின் பல ஆய்வகங்கள் ஈடுபட்டுள்ளன. ஆனால் வெயிலும் வேர்வையும் மிகுந்த நாடுகளில், நாள் முழுவதும் வெளியில் உழைப்பவர்களின் முகத்தில் இப்பொருள் எப்படித் தாங்கும் என்ற கேள்விக்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை.

செயற்கைக் கால் தேய்ந்தால் சற்றுத் தாங்கி நடக்கலாம். வேட்டி அதை மறைத்துவிடும். முகத்துக்கு அந்த வசதி இல்லை. கன்னத்தின் நிறத்தோடு மூக்கின் நிறம் ஒரு சாயல் விலகினாலும் எதிரில் நிற்பவரின் கண் அங்கேயே நிலைக்கிறது. அதனால்தான், உடையாமலும் கிழியாமலும் இருக்கும் ஓர் உறுப்பைக்கூட, நிறம் வெளுத்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பலர் அணியாமல் விட்டுவிடுகின்றனர்.

இதன் சுமையை உணரக் கோபிநத்தம் போன்ற ஓர் ஊரை எண்ணிப் பார்க்கலாம். கர்நாடக, தமிழக எல்லையில், மாதேஸ்வரன் மலைக்கு அப்பால் காவிரிக் காடுகளை ஒட்டி அமைந்துள்ள இவ்வூரில் தமிழ் பேசுவோர் மிகுதி. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இது மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மைசூருவோ சாலை வழியாக 150 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. மேட்டூர் வழியாகச் சேலத்துக்கு இறங்குவதும் எளிய பயணமன்று. செயற்கை மூக்கு ஒன்றைச் செய்துகொள்ள, அளவெடுக்க ஒருமுறை, மெழுகு மாதிரியைப் பொருத்திப் பார்க்க ஒருமுறை, நிறம் சேர்க்க ஒருமுறை, இறுதியாகப் பொருத்த ஒருமுறை எனக் குறைந்தது மூன்று, நான்கு முறையாவது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருக்கும். இத்தகைய ஊரில் வாழும் ஒரு கூலித் தொழிலாளி ஒவ்வொரு முறையும் கூலியை இழந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். ஆண்டுதோறும் அதைத் திரும்பச் செய்வது நடக்கக்கூடியதா என்பதுதான், 'பொருளின் நீடிப்புத்திறன்' என்று ஆய்வேடுகள் குறிப்பிடும் சொல்லின் நடைமுறைப் பொருள்.

யாருக்குத் தேவைப்படுகிறது?

இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோருக்கு வாய்ப்புற்றுநோய் கண்டறியப்படுகிறது. புகையிலை மெல்லும் பழக்கம் இதன் முதன்மைக் காரணம். நோய் முற்றிய நிலையில் வருவோருக்குத் தாடை, கன்னம், சில வேளைகளில் மூக்கின் ஒரு பகுதி வரை வெட்டியெடுக்க நேரிடுகிறது.

கொரோனா இரண்டாம் அலையின்போது இத்தேவை திடீரென்று கூடியது. கருப்புப் பூஞ்சை என அழைக்கப்பட்ட மியூகோர்மைகோசிஸ் நோயால் 2021 ஜூன் இறுதிக்குள் நாட்டில் 40,845 பேர் பாதிக்கப்பட்டதாக மத்திய சுகாதார அமைச்சகம் தெரிவித்தது. உயிர் பிழைத்தவர்களில் பலர் ஒரு கண்ணை, அதைச் சூழ்ந்த தசையோடும் இமையோடும் இழந்தனர். கண்ணாடிக் கண் மட்டும் அவர்களுக்குப் போதாது. இமை, புருவம், கண்குழியைச் சுற்றிய தோல் ஆகிய அனைத்தையும் சிலிக்கோனில் உருவாக்க வேண்டும். இவர்களைத் தவிர விபத்திலும் தீயிலும் முகம் சிதைந்தவர்கள், பிறவியிலேயே காது வளராதவர்கள், காட்டை ஒட்டிய ஊர்களில் கரடியின் தாக்குதலுக்கு உள்ளானவர்கள் ஆகியோரும் உண்டு. கரடி பெரும்பாலும் முகத்தையும் தலையையும் குறிவைத்தே தாக்கும்.

இத்தகைய உறுப்புகளைச் செய்து தருவோர் பல் மருத்துவர்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். பல் மருத்துவத்தில் செயற்கைப் பல் கட்டும் துறையே முக உறுப்புகளையும் கவனிக்கிறது. அச்செடுத்தல், மெழுகில் செதுக்குதல், வார்த்தல் என இரண்டுக்கும் கைவேலை ஒன்றே. மைசூரு, பெங்களூரு, சென்னை ஆகிய நகரங்களின் பெரிய பல் மருத்துவக் கல்லூரிகளில் இத்துறை இயங்குகிறது.

மூக்கறுப்புப் போரின் நிலம்

முகத்தைச் சிதைத்த வரலாறும், அதைச் சீரமைத்த வரலாறும் மைசூருவுக்குப் புதியவை அல்ல. 1650-களின் பிற்பகுதியில், கண்டீரவ நரசராஜரின் மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாயக்கர் நாட்டுக்குள் நுழைந்து, அகப்பட்டோரின் மூக்கை அறுத்தது. பதிலுக்குத் திருமலை நாயக்கர் தரப்புப் படையும் மைசூர் எல்லைக்குள் சென்று அதையே செய்தது. தமிழக வரலாற்றில் இது 'மூக்கறுப்புப் போர்' என்றே பெயர் பெற்றுள்ளது.

அதற்கு ஏறத்தாழ 135 ஆண்டுகளுக்குப் பின், மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படையின் மாட்டுவண்டி ஓட்டியான கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையினரிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனே அருகே உள்ளூர் வைத்தியர் ஒருவர், அவரது நெற்றித் தோலை மடித்துப் புதிய மூக்கை அமைத்தார். இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் அதை நேரில் கண்டனர். 1794-இல் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் படத்துடன் வெளியான அச்செய்தியே, ஐரோப்பாவில் இம்முறை பரவ வழிவகுத்தது.

சொந்தத் தோலிலேயே மூக்கை அமைக்க முடியும் என்றால் சிலிக்கோன் எதற்கு என்ற கேள்வி எழலாம். எல்லோருக்கும் அது பொருந்துவதில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற தோலும் எலும்பும் மற்றோர் அறுவையைத் தாங்குவது கடினம். வயது முதிர்ந்தவர்களுக்குப் பலகட்ட அறுவை சிகிச்சை ஆபத்தாகலாம். இமையுடன் கூடிய கண்ணைத் தசையில் உருவாக்க இயலாது; காதின் மடிப்புகளைத் தசையில் கொண்டுவருவதும் மிகக் கடினம். புற்றுநோயாளிகளுக்கு மேலும் ஒரு காரணம் உண்டு: செயற்கை உறுப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நோய் திரும்பியிருக்கிறதா என்று மருத்துவர் எளிதில் பார்க்கலாம்.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு லண்டனில் பிரான்சிஸ் டெர்வென்ட் வுட்டும், பாரிசில் அன்னா கோல்மன் லாடும் மெல்லிய உலோகத் தகட்டில் முகமூடி செய்து வண்ணம் தீட்டினர். பின்னர் ரப்பர், வினைல், அக்ரிலிக் எனப் பொருள்கள் மாறின. 1960-இல் ஜார்ஜ் பார்ன்ஹார்ட் என்ற அமெரிக்கர் முக உறுப்புகளுக்குச் சிலிக்கோனைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைவிடச் சிறந்த பொருள் இன்னும் கிடைக்கவில்லை.

வலுவான முதுகெலும்பு, வலுவற்ற துணைப்பொருள்கள்

கணினிச் சில்லுகளில் உள்ள சிலிக்கான் தனிமம் வேறு, சிலிக்கோன் வேறு. சிலிக்கான் அணுவும் ஆக்சிஜன் அணுவும் மாறிமாறிக் கோத்த நீண்ட சங்கிலியே சிலிக்கோன். அச்சங்கிலியின் பக்கங்களில் மெத்தில் குழுக்கள் தொங்குகின்றன. சாதாரண நெகிழியின் முதுகெலும்பான கார்பன் பிணைப்பைக் காட்டிலும் சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்பு வலிமையானது. சூரிய ஒளி அதை நேரடியாக அறுப்பதில்லை. தோலை உறுத்தாது, வெப்பத்தைத் தாங்கும், தொட்டால் தசைபோல் மென்மையாக இருக்கும் என்பவை இதன் சிறப்புகள்.

அப்படியானால் கெடுவது எது? சங்கிலியோடு சேர்க்கப்படும் மற்றவைதான். தனிச் சிலிக்கோன் மிக எளிதில் கிழியும். எனவே அதில் மிக நுண்ணிய சிலிக்காத் தூளைக் கலந்து உறுதியேற்றுகின்றனர். திரவத்தை ரப்பராக இறுகச் செய்யப் பிளாட்டினம் போன்ற வினையூக்கி வேண்டும். தோலின் நிறம் வர நிறமிகள் வேண்டும். தோலுக்கடியில் தெரியும் இரத்த நாளங்களைக் காட்டச் சிவப்பு இழைத்தூளையும் தூவுகின்றனர். வெயிலின் புற ஊதாக் கதிர் முதலில் தாக்குவது இந்தத் துணைப்பொருள்களையே. நிறமி வெளுக்கிறது, பக்கக் குழுக்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து சங்கிலிகள் ஒன்றோடொன்று கூடுதலாகப் பிணைகின்றன, மென்மையாக இருந்த பொருள் மெல்ல விறைப்பாகிறது. இருட்டறையில் வைத்த மாதிரிகளிலும் நாளடைவில் நிறம் சற்று மாறுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே வெயிலை மட்டும் குறைகூறிப் பயனில்லை.

நிறமிகளில் கரிம வகைச் சிவப்புகள் விரைவில் மங்குகின்றன. மண்ணில் கிடைக்கும் இரும்பு ஆக்சைடு சார்ந்த காவி, பழுப்பு, மஞ்சள் நிறங்கள் நெடுநாள் நிற்கின்றன. பழுப்புத் தோலுக்கு இது ஒருவகையில் நற்செய்தி. பொருளுக்குள்ளேயே கலந்த நிறம், மேற்பரப்பில் தீட்டிய நிறத்தைவிட நீடிக்கும். ஆயினும் முகத்தின் நுண்சாயல்களை இறுதியில் மேலே தீட்டித்தான் கொண்டுவர முடிகிறது. அன்றாடம் கழுவும்போது முதலில் அழிவதும் அதுவே.

நிறம் பொருந்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. துணிக்கடையின் குழல்விளக்கில் எடுத்த சேலை, வாசலுக்கு வந்ததும் வேறு நிறமாகத் தெரிவது பலரும் அறிந்ததே. பகல் வெளிச்சத்தில் கன்னத்தோடு ஒன்றியிருந்த மூக்கும் இரவு விளக்கில் தனித்துத் தெரியலாம். அதோடு, கோடையில் தோல் கருக்கிறது, சிலிக்கோன் கருப்பதில்லை. அதனால் சில நாடுகளில் ஒரே நோயாளிக்குக் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என இரண்டு உறுப்புகள் செய்து தருவதும் உண்டு.

அடுத்த பலவீனம் விளிம்பு. செயற்கை உறுப்பு எங்கு முடிகிறது, தோல் எங்குத் தொடங்குகிறது என்று தெரியாமலிருக்க, விளிம்பை வெங்காயச் சருகுபோல் மெலிதாக்குகின்றனர். காலையில் பசை தடவி ஒட்டி, இரவில் உரித்தெடுக்கும்போது அந்த மெல்லிய விளிம்பே ஒவ்வொரு நாளும் இழுபடுகிறது. எஞ்சிய பசையை அகற்றப் பயன்படும் கரைப்பான்களும் அதைப் பதம் பார்க்கின்றன. சிலிக்கோனின் தரத்தை மதிப்பிடும்போது இழுவிசையைவிடக் கிழிவெதிர்ப்புக்கு முதன்மை தரப்படுவது இதனால்தான். கடினத்தன்மை, 'ஷோர் ஏ' அளவுகோலில் 25 முதல் 35-க்குள் இருப்பது ஏற்றது எனக் கருதப்படுகிறது. அதற்குமேல் விறைத்தால் பேசும்போதும் சிரிக்கும்போதும் முகத்தோடு சேர்ந்து அசையாது. விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும்.

வேர்வையும் தோலின் எண்ணெய்ப்பசையும் சிலிக்கோனுக்குள் மெல்ல ஊறுகின்றன. பொருளின் நுண்துளைகளில் கேண்டிடா போன்ற பூஞ்சைகள் குடியேறி, மேற்பரப்பைக் கருக்கச் செய்வதோடு தோலில் அரிப்பையும் ஏற்படுத்துகின்றன. அவற்றைக் கொல்லக் கடுமையான கிருமிநாசினியைப் பயன்படுத்தினால் நிறம் போகிறது. அடுப்புப் புகையும் பீடிப் புகையும் கறை படியச் செய்யும். சிலிக்கோன் கரண்டியில் ஏறிய மஞ்சள் கறை எத்தனை முறை கழுவினாலும் போகாது என்பது சமையலறையில் இருப்போருக்குத் தெரியும். மஞ்சளும் குங்குமமும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் அன்றாடம் புழங்கும் ஒரு முகத்துக்கு, மேலைநாட்டு ஆய்வகச் சோதனை அப்படியே பொருந்துமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நுண்துகள்கள் தரும் நம்பிக்கை

ஆய்வாளர்கள் அதிகம் நாடும் வழி, புற ஊதாக் கதிரை உறிஞ்சும் உலோக ஆக்சைடு நுண்துகள்களைச் சிலிக்கோனில் கலப்பது. டைட்டானியம், துத்தநாகம், சீரியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் இதில் முதன்மையானவை. முகப்பூச்சுக் களிம்புகளில் வெயிலைத் தடுக்கச் சேர்க்கப்படுபவையும் இவற்றில் முதல் இரண்டே. பரவலாகப் பயன்படும் 'ஏ-2186' என்ற சிலிக்கோனில் இந்த மூன்றையும் வெவ்வேறு அளவில் கலந்து அமெரிக்க, சீன ஆய்வாளர்கள் நடத்திய கூட்டு ஆய்வு 2008-இல் வெளியானது. எடையில் 2 முதல் 2.5 சதவீதம் சேர்த்தபோது பொருளின் இயந்திர வலிமை ஒட்டுமொத்தமாக மேம்பட்டதாக அது கண்டறிந்தது. அதன்பின் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் இதையொட்டிய சோதனைகள் நடந்து வருகின்றன.

அளவு கூடினால் பயனும் கூடும் என்பதில்லை. நுண்துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்துக் கட்டிகளாகத் திரள்கின்றன. அக்கட்டி இருக்கும் இடத்திலேயே கிழிசல் தொடங்கும். அடை மாவில் கட்டி தட்டினால் அடை அந்த இடத்தில் பிய்வதைப் போன்றது இது. டைட்டானியம் ஆக்சைடில் இன்னொரு எச்சரிக்கை தேவை: அதன் ஒரு படிக வடிவம் ஒளி பட்டால் தானே வேதிவினையைத் தூண்டும் இயல்புடையது. மேற்பூச்சு இல்லாமல் அதைக் கலந்தால், காக்க வந்ததே அரிக்கத் தொடங்கக்கூடும். வெள்ளை நிறத் துகள்கள் உறுப்பின் ஒளிபுகும் தன்மையைக் குறைப்பதால் தோலின் உயிரோட்டமும் சற்று மங்குகிறது.

தயாரிப்பில் நேரும் சிறு பிழைகளும் ஆயுளைக் குறைக்கின்றன. பிளாட்டினத்தால் இறுகும் சிலிக்கோனைச் சாதாரண ரப்பர்க் கையுறை அணிந்து கலந்தால், கையுறையில் உள்ள கந்தகம் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்யும். அந்த இடம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கலக்கும்போது புகுந்த காற்றுக் குமிழிகளை வெற்றிடக் கருவியால் நீக்காவிட்டால், அவை பின்னர் பூஞ்சை தங்கும் குழிகளாகும். வாங்கிய பொருள் எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் இக்குறைகளை அது ஈடுசெய்யாது.

பசையையே தவிர்க்கும் வழியும் உண்டு. சுவீடனின் பிரோனெமார்க் குழுவினர் 1970-களின் இறுதியில், டைட்டானியத் திருகுகளை மண்டை எலும்பில் பதித்துச் செயற்கைக் காதைப் பொருத்தினர். காந்தத்தாலோ கவ்வியாலோ உறுப்பு அதில் நிற்பதால் விளிம்பு இழுபடுவது குறைகிறது. ஆனால் அறுவை சிகிச்சைக்கும் திருகுகளுக்கும் செலவு அதிகம். கதிர்வீச்சு பெற்ற எலும்பில், குறிப்பாகக் கண்குழியில், திருகு நிலைக்காமல் போகும் வாய்ப்பும் கூடுதல்.

எங்கே சோதிப்பது, யாருடைய தோலில்?

பெரும்பாலான ஆய்வுகள், செனான் விளக்கும் நீர்த்தெளிப்பும் உள்ள பெட்டிக்குள் மாதிரித் துண்டுகளை வைத்து, சில நூறு மணி நேரத்தில் பல மாத வெயிலைப் போலச் செய்து பார்க்கின்றன. முடிவுகளை ஒப்பிட இது உதவும். உண்மையான வெயில் வேறு. சவூதி அரேபியாவின் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதியிலும், கிரீஸ் நாட்டிலும் திறந்தவெளியில் மாதிரிகளை வைத்து நடத்திய ஆய்வுகள், ஒரே வெயிலில் ஒரு நிறுவனத்தின் சிலிக்கோன் தாங்குவதும் மற்றொன்று கெடுவதும் உண்டு எனக் காட்டின. தட்பவெப்பத்தைப் பொறுத்துப் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

தோலின் நிறமும் கணக்கில் சேர வேண்டும். நிற வேறுபாட்டை அளக்கும் கருவிகள் அதை ஓர் எண்ணாகத் தருகின்றன. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், வெளிர்நிற மாதிரிகளில் அந்த எண் 1.1-ஐத் தொட்டதும் கண் வேறுபாட்டைக் கண்டுகொண்டது, 3.0-ஐத் தாண்டியபோது ஏற்க மறுத்தது. கருநிற மாதிரிகளில் இவ்விரு எல்லைகளும் முறையே 1.6, 4.4 என இருந்தன. அதாவது கருந்தோலில் சிறிய நிறமாற்றம் சற்று மறைவாகவே இருக்கிறது. வெளிர்தோலுக்கான எல்லையை வைத்து 'தோல்வி' என ஒதுக்கப்பட்ட ஒரு கலவை, தென்னிந்திய முகத்தில் மேலும் சில மாதங்கள் தாங்கக்கூடும். இத்தகைய கணக்கு இங்குள்ள ஆய்வகங்களில்தான் போடப்பட வேண்டும்.

விலை குறைந்த மாற்றுப்பொருளும் தேடப்பட்டது. குளோரினேற்றப்பட்ட பாலிஎத்திலீன் என்ற நெகிழியைச் சூடேற்றி இளக்கி மீண்டும் வார்க்கலாம், பழுதும் பார்க்கலாம். ஏழை நாடுகளை மனத்தில் கொண்டு நடத்தப்பட்ட அதன் மருத்துவச் சோதனையின் முடிவு 2010-இல் வெளியானது. ஏற்கெனவே சிலிக்கோனை அணிந்து பழகியவர்கள் சிலிக்கோனையே விரும்பினர். விலையை மட்டும் குறைத்தால் போதும் என்ற எண்ணத்துக்கு அது ஒரு தடை.

பொருள் மேம்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரவில் கழற்றி வைப்பது, மிதமான சோப்பு நீரில் விரலால் மட்டும் கழுவுவது, பசையை இழுத்து உரிக்காமல் நனைத்து எடுப்பது, வெயிலில் செல்கையில் துண்டோ தொப்பியோ அணிவது ஆகியவை பல மாதங்களைச் சேர்த்துத் தரும். நோயாளியின் மொழியில் இவற்றை எழுதிக் கொடுத்தால் பயன் கூடும். எல்லையோர ஊர்களில் அது கன்னடமாக மட்டும் இருந்தால் போதாது.

மருத்துவமனைகளின் கையில் உள்ள மற்றொரு வழி, முதல் உறுப்பைச் செய்த அச்சைப் பாதுகாப்பது. சிலிக்கோன் ஓராண்டில் கெட்டாலும் அச்சு கெடுவதில்லை. கல்வார்ப்பு அச்சையோ, முகத்தை வருடியெடுத்த முப்பரிமாணக் கணினிக் கோப்பையோ, நிறமிகளைக் கலந்த விகிதத்தையோ நோயாளியின் பெயரில் வைத்திருந்தால், அடுத்த மூக்கை அவர் வராமலேயே வார்த்துவிட முடியும். நிறத்தை இறுதியாகச் சரிபார்க்கவும் பொருத்திக்கொள்ளவும் ஒரே ஒருமுறை மட்டும் அவர் மலையிறங்கினால் போதும்.